டீ குடித்தால் மனசு அமைதியாகுமா?

"தினமும் டீ குடிப்பது மனதுக்கு அமைதி தருமா? அதற்குக் கிரீன் டீதான் நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தரும் என்றுதான் சொல்வேன். ஆனால் அதில் டீத்தூளின் பங்கு கொஞ்சம்தான். குடிக்கும் நேரத்தில் யாரும் நம்மைக் கூப்பிடாமல் இருந்தால், அதுதான் பெரும்பங்கு.

நான் காவேரிப்பட்டணத்தில் குடியிருக்கிறேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலை. பெங்களூரா ரக மாங்காய் வரத்து ஆரம்பித்துவிட்டால் ஜூலை வரை தலை நிமிர நேரமிருக்காது. லோடு வண்டிகள் கேட்டிலிருந்து ரோடு வரை நிற்கும். ஒரு பக்கம் எடைச்சீட்டு, இன்னொரு பக்கம் "நேத்து கொடுத்த ரேட்டு இன்னிக்கு எங்க போச்சு?" என்று கேட்கும் தோப்புக்காரர். மதியம் மூணு மணிக்கு ஒருத்தர் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து, பேப்பர் கப்பில் ஊற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போவார். நல்ல டீதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அதைக் குடித்து நான் அமைதியானதே இல்லை. ஒரு கையில் கப், மறுகையில் பில் புக். எப்போது குடித்து முடித்தேன் என்றுகூடத் தெரியாது.

வீட்டு டீயும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. அத்தைக்குச் சர்க்கரை இல்லாமல், மாமனாருக்கு ஸ்ட்ராங்காக, வீட்டுக்காரருக்கு இஞ்சி தட்டிப் போட்டு, பையனுக்கு வெறும் பால். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பாத்திரத்தில் மிச்சமிருப்பதை நின்றபடியே ஊற்றிக் குடித்தால் அதுவும் சமையல் வேலையில்தான் சேரும். "ஒரு கப் டீயோடு உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள்" என்று பெண்களுக்கு அறிவுரை எழுதுகிறவர்கள் இந்த டம்ளர்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆண்களுக்கு இந்த விஷயம் எப்போதோ பிடிபட்டுவிட்டது. டீக்கடை பெஞ்சில் ஒரு டீயை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேப்பர் படிக்கலாம், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் எவ்வளவு, தக்காளி என்ன விலை என்று பேசலாம். யாரும் அவர்களைச் சும்மா உட்கார்ந்திருப்பதாகச் சொல்ல மாட்டார்கள். கையில் டீ இருக்கிறதே! அதே பெஞ்சில் எங்கள் ஊரில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்தால், ஊருக்கு அன்றைக்குப் பேச அதுவே போதும். பைபாஸ் பக்கம், பெங்களூர் பஸ்கள் நிற்கிற கடைகளில் கொஞ்சம் பரவாயில்லை. அங்கே யாரும் யாருக்கும் தெரிந்தவர் இல்லை.

சரி, பெஞ்ச் இல்லாவிட்டால் மாடிப்படி என்று முடிவு செய்தேன். வேலையிலிருந்து வந்ததும் முதல் டீ எனக்கு, மற்றவர்களுக்குக் கால் மணி நேரம் கழித்து என்று வீட்டில் சொன்னேன். அத்தை வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "ஏன், எனக்குக் கை இல்லையா? நானே போட்டுக்கறேன், நீ போ" என்றார். கோபத்தில் சொன்னாரா, ஆதரவாகச் சொன்னாரா என்று இன்றுவரை புரியவில்லை. ஏற்பாடு மட்டும் நன்றாக நடக்கிறது.

போடுவதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நம் கடைகளில் கிடைக்கும் தூள் பெரும்பாலும் சி.டி.சி. ரகம், அதாவது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்வது. தூள் பொடியாக இருப்பதால் சாறு சீக்கிரம் இறங்கிவிடும். ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்புதான் ஏறும். பக்கத்தில் பால் வேறு பொங்கக் காத்திருக்கும், அடுப்பை விட்டு நகர முடியாது. அந்தக் கட்டாயம் எனக்குப் பிடிக்கும். அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது, யாரும் செய்யச் சொல்லவும் முடியாது. அப்புறம் போனைச் சார்ஜரில் போட்டுவிட்டு, டம்ளரோடு படியில் போய் உட்காருவேன். கூட ரெண்டு நிப்பட்டு, தட்டை மாதிரி மொறுமொறுப்பான பலகாரம். எங்கள் ஊர்க்காரியிடம் அதை விடச் சொல்லக் கூடாது.

இனி டீயின் சொந்தப் பங்குக்கு வருகிறேன். அதில் தியானின் என்று ஒரு அமினோ அமிலம் இருக்கிறது. 1949-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். பதற்றத்தைத் தணிக்கும் என்று இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலும் 100, 200 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்க்கிறார்கள். நம் டம்ளரில் இருப்பது அதில் சின்னப் பங்குதான். எனக்கு அதைவிட சுவாரசியமாகப் பட்டது லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் 75 ஆண்களை வைத்துச் செய்த ஒரு சோதனை, 2006-ல் செய்திகளில் வந்தது. ஆறு வாரம் பாதிப் பேருக்குக் கருந்தேயிலைச் சத்து கலந்த பானம், மீதிப் பேருக்கு அதே ருசியில் தேயிலைச் சத்து இல்லாத பானம். பிறகு வேண்டுமென்றே அவர்களை டென்ஷன் ஆக்கினார்கள். ரத்த அழுத்தம் ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி ஏறியது. ஆனால் ஐம்பது நிமிஷம் கழித்துப் பார்த்தபோது கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் தேயிலைக்காரர்களுக்கு 47 சதவீதமும் மற்றவர்களுக்கு 27 சதவீதமும் குறைந்திருந்தது. என் அனுபவமும் இதுதான். டீ குடிப்பதால் தோப்புக்காரர் சண்டைக்கு வரும்போது எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை. வந்த கோபம் வீட்டுக்குள் வரை வருவதில்லை.

ரெண்டு எச்சரிக்கை. டீயில் இருக்கும், தூக்கத்தை விரட்டும் காபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி எட்டு மணிக்கு டீ குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள். அடுத்தது, நம் பக்கம் களியும் கீரையும் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் உண்டு. அந்தச் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீயின் துவர்ப்புப் பொருள்கள் தடுக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அப்புறம், வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் அதற்கு டீ போதாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

கிரீன் டீ பற்றிக் கேட்டீர்கள். அதுவும் இதே செடியின் இலைதான், பக்குவம்தான் வேறு. அதிலும் தியானின் உண்டு, காபினும் உண்டு. ருசி பிடித்தால் தாராளமாகக் குடியுங்கள். எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த டப்பா எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் பிரிக்காமல் இருக்கிறது, காவேரிப்பட்டணம் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.