கேள்வி பதில்: அணுகுண்டுக் கப்பலும் எங்கட கரையும்

கேள்வி: வெளிநாட்டுப் போர்க்கப்பல் கொழும்புக்கு வருது, திருகோணமலைக்கு வருது எண்டு பேப்பரில அடிக்கடி போடினம். அணுகுண்டு ஏத்தின கப்பல் ஒண்டு வந்தா எங்களைப்போல தொழில் செய்யிற சனத்தால மறிக்க ஏலுமோ?
- பருத்தித்துறை வாசகர்

பதில்: அண்ணை, கடலால போறதை மறிக்கிறது கஷ்டம், துறைமுகத்துக்கை வாறதை மறிக்கலாம். கரையில இருந்து 12 கடல் மைல் எங்கட எண்டாலும், 1982ம் ஆண்டு ஐ.நா. கடல் சட்டப்படி தீங்கில்லாமல் கடந்து போற கப்பலை விடத்தான் வேணும். போர்க்கப்பல் முதல்ல அனுமதி கேக்கோணும் எண்டு எங்கட 1976ம் ஆண்டுச் சட்டத்தில இருக்கு, ஆனா பெரிய நாடுகள் அதை எங்க கணக்கெடுக்குது. துறைமுகத்தில வந்து கட்டுறதுக்கு எண்டா ஆரா இருந்தாலும் கேட்டுத்தான் ஆகோணும்.

பாக்கு நீரிணையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கன இடத்தில 10 மீற்றர் ஆழம்கூட இல்லை, அணு சப்மரீன் அதுக்கை தாழவும் மாட்டுது. திருகோணமலைதான் யோசிக்க வேண்டிய இடம், அங்க நல்ல ஆழம்.

சனம் மறிச்ச கதை நியூசிலாந்தில நடந்தது. 1970களின்ர கடைசியில அமெரிக்க அணு சப்மரீன்கள் ஒக்லாந்துக்கு வரேக்க பாய்மரப் படகு, துடுப்பு வள்ளம், சின்னப் போட் எண்டு கையில கிடைச்சதெல்லாம் கொண்டுபோய் முன்னால நிண்டவை, 1979ல ஒருத்தர் சப்மரீன்ர முதுகிலயே பாய்ஞ்சு ஏறிட்டார். அதோட நிக்காமல் ஊர்ச்சபைகளும் ஒண்டொண்டா அணு ஆயுதம் வேண்டாம் எண்டு தீர்மானம் போட்டுது, கடற்படைத் தளம் இருக்கிற டெவன்போர்ட் ஊரே 1981ல போட்டது. 1985ல டேவிட் லாங்கியின்ர அரசாங்கம் புக்கனன் எண்ட அமெரிக்கக் கப்பலை வரவேண்டாம் எண்டு சொல்லி, 1987ல சட்டமாவும் கொண்டுவந்திட்டுது. அமெரிக்கா கோவிச்சுக்கொண்டு பாதுகாப்பு ஒப்பந்தத்தில இருந்து அவையை ஒதுக்கி வைச்சது. ஆனா 2016ல திரும்ப அமெரிக்கப் போர்க்கப்பல் ஒண்டு அங்க போனது, அந்தச் சட்டம் அப்பிடியே இருக்கத்தக்கதா.

கேள்வி: கப்பல்ல குண்டு இருக்கோ இல்லையோ எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?
- குருநகர் வாசகி

பதில்: தெரியாது தங்கச்சி, கேட்டாலும் சொல்லாயினம். "இருக்கெண்டும் சொல்லமாட்டம், இல்லையெண்டும் சொல்லமாட்டம்" எண்டதுதான் அமெரிக்க நேவியின்ர கொள்கை. ஜப்பானில கோபே நகரசபை இதுக்கு நல்ல வழி ஒண்டு பிடிச்சது. 1975ல தீர்மானம் எடுத்து, வாற போர்க்கப்பல் எல்லாம் அணு ஆயுதம் இல்லையெண்டு பேப்பர் தரோணும், தராட்டி துறைமுகத்துக்கை விடுறேல்லை எண்டு சொன்னவை. பேப்பர் குடுத்தால் அவையின்ர கொள்கை உடைஞ்சிடும், அதால அமெரிக்கப் போர்க்கப்பல் அந்தப் பக்கமே போறதை விட்டிட்டுது. சண்டை இல்லை, போட் இல்லை, ஒரு கடுதாசி!

கேள்வி: எங்கட பிரதேச சபையில தீர்மானம் போட்டா பிரயோசனம் இருக்கோ?
- வலிகாமம் வாசகர்

பதில்: கோபேயில துறைமுகம் நகரசபையின்ர கையில, இங்க எல்லாம் கொழும்பில, அதால சபைத் தீர்மானம் ஒரு கப்பலையும் நிப்பாட்டாது. ஆனா கொழும்பிட்ட கேக்க நல்ல பிடி ஒண்டு கிடக்கு. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கச் சொல்லி 1971ல ஐ.நா.வில நிண்டது சிறிமாவோ அம்மையார்தான். 2023ல அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்திலயும் இலங்கை சேர்ந்திட்டுது. அந்த ஒப்பந்தம் அணு ஆயுதத்தை எங்கட மண்ணில நிறுத்தி வைக்க விடாது, ஆனா வந்து ரெண்டு நாள் கட்டிட்டுப் போற கப்பலைப் பற்றி நேரா ஒண்டும் சொல்லேல்லை. அந்த ஓட்டையை அடைக்க கோபே மாதிரிப் பேப்பர் கேட்டுச் சட்டம் கொண்டுவாங்கோ எண்டு தீர்மானத்தில எழுதுங்கோ.

எழுதேக்க அமெரிக்கா, சீனா எண்டு மட்டும் எழுதாதேங்கோ. எங்களுக்குக் கிட்டவா இருக்கிற அணு ஏவுகணை சப்மரீன் இந்தியாவின்ர, விசாகப்பட்டினத்தில கட்டின அரிஹந்த், 2024ல சேர்ந்த அரிகாத். அதை விட்டிட்டு எழுதினா சபையில எழும்புற முதல் கேள்வியே அதாத்தான் இருக்கும்.