யாரால்?

கேள்வி: சென்ற இதழின் கிளிநொச்சிக் கட்டுரையில் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'காணாமல் போனோர்' என்ற நல்ல தமிழ் இருக்கும்போது, ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த மாதிரி இந்த முரட்டுச் சொல் எதற்கு? சண்டை சச்சரவில் மொழியையாவது சும்மா விட்டுவைக்கக் கூடாதா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: முரட்டுச் சொல்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மெய்ப்புத் திருத்துநரும் இதையேதான் சொன்னார். பென்சிலால் 'போனோர்' என்று திருத்தியும் வைத்திருந்தார். அதை அழித்தது நான்.

அரசியல் இருக்கட்டும், முதலில் இலக்கணத்துக்கு வருவோம். பேனா காணாமல் போகும். மேயப் போன ஆடு காணாமல் போகும். தேர்த் திருவிழாவில் பிள்ளை காணாமல் போகும். பால் கெட்டுப்போகிறது, சாவி தொலைந்துபோகிறது என்கிறோமே, அதே 'போ'தான் இதுவும். யார் மேலும் பழி போடாத சாதுவான துணைவினை. 'அவர் காணாமல் போனார்' என்று எழுதிவிட்டு 'யாரால்?' என்று கேட்டுப் பாருங்கள். கேட்பவரைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். 'காணாமல் ஆக்கப்பட்டார்' என்று எழுதினால் அந்தக் கேள்வி கூடவே வந்து நிற்கும். பள்ளியில் 'இராமனால் இராவணன் கொல்லப்பட்டான்' என்று செயப்பாட்டுவினை படித்தோமே, அந்த 'ஆல்' உருபுக்கு இந்த வாக்கியம் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. அதில் இன்றுவரை யாரையும் உட்கார வைக்க முடியவில்லை என்பது வேறு கதை. நாற்காலியையே எடுத்துவிடுங்கள் என்கிறீர்கள் நீங்கள்.

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் முன்னால் 2017 பிப்ரவரி 20 அன்று தங்கள் உறவுகள் எங்கே என்று கேட்டுப் போராட்டப் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் தாய்மார். அவர்களில் பலரின் பிள்ளைகள் எங்கேயும் தொலைந்துபோனவர்கள் அல்ல. 2009 மே மாதம், இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த போர் முடிந்த கையோடு, முல்லைத்தீவு வட்டுவாகல் பக்கம் பெற்றவர்களும் மனைவிமாரும் தாங்களே கூட்டிக்கொண்டு போய் இராணுவத்திடம் ஒப்படைத்தவர்கள். விசாரித்துவிட்டு அனுப்புவார்கள் என்ற நம்பிக்கையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். 'கையில பிடிச்சுக் குடுத்தனாங்கள்' என்று சொல்லும் ஒரு தாயிடம் போய் 'உங்கள் மகன் எப்போது காணாமல் போனார்?' என்று கேட்க எனக்கு வாய் வராது. அவருக்குத் தேதி தெரியும், இடம் தெரியும். காணாமல் போனது மகன் அல்ல, அவரை வாங்கிக்கொண்டவர்கள் சொல்ல வேண்டிய பதில்.

நீங்கள் விரும்பும் சொல்லுக்கு ஆதரவு இல்லாமல் இல்லை. இலங்கை அரசு 2016இல் சட்டம் போட்டு ஏற்படுத்திய அலுவலகத்தின் பெயரே 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'தான். அதே அரசு ஆட்களைக் காணாமலாக்குவதைக் குற்றமாக்கி 2018இல் இன்னொரு சட்டமும் போட்டது. ஆக, சட்டப் புத்தகத்தில் 'ஆக்குதல்', பெயர்ப்பலகையில் 'போதல்'!

அப்புறம் அந்த ஆங்கில வாடை விஷயம். ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும்கூட இது தானாக மறைவதைச் சொல்லும் வினைதான். அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தபோது ஆயிரக்கணக்கானோர் இரவோடு இரவாகத் தூக்கிச் செல்லப்பட்டார்கள். அவர்களைத் தேடியவர்கள் இலக்கணத்தை வளைத்து 'அவனை மறைந்தார்கள்' என்கிற மாதிரிப் பேச வேண்டியிருந்தது. ஆங்கிலமும் அதைப் பார்த்து வளைந்துகொடுத்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'ஆகு' என்றால் 'ஆக்கு' என்று தமிழ் முதலிலேயே கொடுத்துவிட்டது. கடன் வாங்காத சொல்லைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

மொழியைச் சும்மா விட வேண்டும் என்கிறீர்கள். மொழிதான் யாரைச் சும்மா விட்டது? உங்கள் ஊர்ச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூரில் தலையாட்டி என்றால் கொலுப்படியில் வைக்கிற பொம்மை. தட்டினால் ஆடும், குழந்தை சிரிக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு அந்தச் சொல் வேறு. சுற்றிவளைப்பு நடக்கும். ஊர் ஆண்களை எல்லாம் வரிசையாக நடத்திக் கொண்டுபோவார்கள். எதிரே கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டு முகத்தை மூடிய ஒருவன் இருப்பான். அவனும் ஊர்க்காரனாக இருக்கலாம், அடி தாங்காமல் வந்தவனாக இருக்கலாம். பேச மாட்டான். அவன் தலை ஆடினால் எதிரே நிற்பவன் வரிசையிலிருந்து பிரிக்கப்பட்டு ட்ரக்கில் ஏற்றப்படுவான். அவனுக்குப் பெயர் தலையாட்டி. இந்தப் பொருளை எந்த அகராதிக்காரரும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கவில்லை.

அதே மக்கள்தான் முப்பது வருடச் சாவையும் ஓட்டத்தையும் 'பிரச்சினை' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கினார்கள். 'பிரச்சினை தொடங்கின காலம்' என்பார்கள், தண்ணீர்க் குழாய்த் தகராறைச் சொல்கிற மாதிரி. தெற்கே, 1987–89 ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய விதமும் சிங்களக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான இளைஞர்களை விழுங்கியபோது, அங்கே அந்தக் காலத்துக்கே 'பீஷணய' என்று பெயர் வைத்தார்கள். பயங்கரம் என்று பொருள். பட்டவர்கள் தங்கள் துயரத்துக்குச் சின்னச் சொல் வைத்தால் அது அவர்கள் உரிமை. 2009இல் வவுனியா பக்கம் மெனிக் பாமில், போரிலிருந்து தப்பி வந்த லட்சக்கணக்கான பேரை முள்கம்பிக்குள் வைத்துக்கொண்டு அதிகாரிகள் அதை 'நலன்புரி நிலையம்' என்றது அந்த வகை அல்ல. உள்ளே இருந்தவர்கள் 'முகாம்' என்றே சொன்னார்கள்.

இவ்வளவு பேசிவிட்டு எங்கள் வண்டவாளத்தையும் சொல்லிவிட வேண்டும். சில இதழ்களுக்கு முன் 'வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த முஸ்லிம்கள்' என்று அச்சிட்டோம். 'பெயர்ந்தோமா, பெயர்க்கப்பட்டோமா?' என்று புத்தளத்திலிருந்து ஒரு வாசகர் எழுதினார். அஞ்சலட்டையில் இந்த ஒரு வரிதான். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அக்டோபர் 30 அன்று அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். இதையும், சரியாக ஐந்து வருடம் கழித்து அதே அக்டோபர் 30 அன்று இராணுவம் நெருங்கியபோது யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துத் தமிழர்கள் மூட்டை முடிச்சோடு நடந்ததையும் 'இடப்பெயர்வு' என்ற ஒரே பைக்குள் போட்டிருந்தோம். இராணுவம் செய்தால் 'ஆக்கப்பட்டோர்', நம்மவர் செய்தால் 'பெயர்ந்தோர்' என்று இரண்டு இலக்கணம் வைத்துக்கொள்ள முடியாது. இந்த இதழிலிருந்து 'வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள்' என்றே வரும். மெய்ப்புத் திருத்துநரிடம் சொல்லியாயிற்று. இதுவும் முரட்டுச் சொல்தான் என்றார். ஆனால் பென்சிலை எடுக்கவில்லை.