தூற்றும் மெஷினில் முறியும் ஷாஃப்ட்: தடிப்பைக் கூட்டுமுன்

வணக்கம் தம்பி. கிளிநொச்சியில் நீங்கள் செய்து விற்ற நெல் தூற்றும் மெஷின்களில் மூன்றின் ஷாஃப்ட், பெல்ட் சில்லுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் முறிந்தது, 25 மில்லிமீற்றரை 30 ஆக்கினால் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவசரப்படாதீர்கள். முறிந்த துண்டை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்துப் பாருங்கள். சிப்பி ஓட்டில் உள்ளதுபோல வளைகோடுகளும் ஓரிடத்தில் மட்டும் சொரசொரப்பும் தெரிந்தால், அது களைப்பு முறிவு. வெடிப்பு சுற்றுக்குச் சுற்று மெதுவாக வளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் தடிப்பு குறையும் இடத்தில் லேத்காரர் கூரான மூலை விட்டிருப்பார், வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். அதே மூலையோடு 30 போட்டால் முறிவு பிந்தலாம், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். அந்த மூலையை வளைவாகக் கடையச் சொல்லுங்கள். சில்லை பெயாரிங்குக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள், பெல்ட்டையும் அளவுக்கு மிஞ்சி இறுக்க வேண்டாம்.

அப்புறம், காலபோக வெட்டுக்கு முன் ஒரு கொப்பி எடுங்கள். பழுதுகளையும் அவற்றின் விளைவுகளையும் முன்கூட்டியே ஆராயும் முறை ஒன்று இருக்கிறது. எஃப்எம்ஈஏ (FMEA) என்பார்கள், 1949இல் அமெரிக்க இராணுவம் எழுதிவைத்த முறையிலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு பாகமும் எப்படிப் பழுதாகும், பழுதானால் என்ன நடக்கும் என்று எழுதி, பாரதூரம், நிகழும் வாய்ப்பு, முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் கடினம் மூன்றுக்கும் 1 முதல் 10 வரை புள்ளி போட்டுப் பெருக்குங்கள். பெருக்கம் கூடியதை முதலில் திருத்துவது வழக்கம். தூசி புகுந்து பெயாரிங் இறுகுவது 4×7×5, அதாவது 140. விசிறி மூடி கழன்று கை போவது 10×1×2, வெறும் 20. ஆனாலும் முதலில் மூடியைத்தான் திருத்துவேன். சூடடிக்கும் களத்தில் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள்.