ரேம் போட்டால் கேம் பறக்குமா?

கே: 16 ஜிபி ரேம் இருக்கிறது. 32 ஆக்கினால் எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) ஏறுமா?

ரேம் பற்றாமல் போனால்தான் கேம் திணறும். தேவைக்கு மேல் இருப்பது சும்மா கிடக்கும். கேம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். 11, 12 ஜிபியில் நிற்கிறதென்றால் காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

ஆனால் அந்த 16 ஒரே ஸ்டிக்கா, இரண்டு எட்டா? ஒரே ஸ்டிக் என்றால் சிங்கிள் சேனலில், அதாவது தரவு போய்வர ஒரே பாதையுடன் ஓடுகிறது. தனி கார்டு இல்லாமல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸிலேயே ஆடுகிறவர்களுக்கு, இரண்டாவது ஸ்டிக் போட்டதும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்புறம், பெட்டியில் வேகம் 3200 என்று போட்ட டிடிஆர்4 ரேம், பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் செட்டிங்) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் வசதியை, ஆன் செய்யும்வரை பெரும்பாலும் 2133, 2400, 2666 என்று ஏதாவதொன்றில்தான் ஓடும். இதற்குச் செலவே இல்லை, முதலில் இதைப் பாருங்கள்.

கே: ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால்?

லோடிங் சீக்கிரம் முடியும். சில பெரிய கேம்களில் ஹார்டு டிஸ்கால் வந்த இடறலும் குறையும். எஃப்பிஎஸ் அப்படியேதான் இருக்கும்.

கே: கிராபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி என்று பார்த்து வாங்கினால் போதும்தானே, சார்?

வாங்கி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் அப்படிப் பார்த்தவர்கள்தான். என்விடியா 2017-இல் ஜிடி 1030 கார்டை ஜிடிடிஆர்5 மெமரியுடன் விட்டது. அடுத்த வருடம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்ட இன்னொன்று வந்தது. இரண்டும் 2 ஜிபிதான். ஆனால் முதல் கார்டின் மெமரி நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டாவது வெறும் 16.8. பல கேம்களில் எஃப்பிஎஸ் பாதியாகிவிடும். கோடவுன் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன, வாசலில் ஒரு சைக்கிள்தான் நுழையும் என்றால்? பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஜிடிடிஆரா, டிடிஆரா என்று இருக்கும். அதைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கே: ஜிகாஹெர்ட்ஸ் அதிகமுள்ள பிராசஸர்தானே கேமுக்கு நல்லது?

ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ், 4.7 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும். 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி 4.5 வரைதான். இரண்டிலும் எட்டு கோர். ஆனாலும் கேமில் பெரும்பாலும் ஜெயிப்பது இரண்டாவதுதான். காரணம் எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி: அதில் 96 எம்பி, முந்தையதில் 32. இருந்தாலும் மாற்றுவதற்கு முன் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் திணறுவது கார்டு. நகரவே இல்லையென்றால் பெரும்பாலும் பிராசஸர்.

கே: புதுக் கார்டு, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றும்) மானிட்டர் இரண்டும் வாங்கியாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை!

விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் இன்னும் 60 ஹெர்ட்ஸிலேயே இருக்கும், 144-க்கு மாற்றுங்கள். அப்படியும் சரியாகவில்லையென்றால் கேபினெட்டின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். இதேபோல் கார்டு கெட்டுப்போய்விட்டது என்று ஒரு தம்பி சொன்னபோது, பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மானிட்டர் கேபிள் கார்டில் இல்லாமல் மதர்போர்டில் செருகியிருந்தது, புதுக் கார்டு சும்மா கிடந்தது. கார்டின் போர்ட்டுகளில் பிளாஸ்டிக் மூடியைக்கூட அவர் கழற்றவில்லை.