ரெக்கார்டு எழுதும் கைக்கு விசைப்பலகை கிடைக்க

கேள்வி: வேலூரை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதிகளிலிருந்து வரும் முதலாமாண்டு மாணவியரில் பலர் இஸ்லாமிய, பட்டியலினக் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். ஆய்வகத்தில் உடனிருக்கும் மாணவர்கள் நிரல் எழுத, இவர்கள் ரெக்கார்டு எழுதுவதோடு நின்றுவிடுகிறார்கள். இவர்களுக்கு மட்டும் சிறப்பு வகுப்பு நடத்தலாமா?

பதில்: வேண்டாம். குறை தங்களிடம்தான் இருக்கிறது என்று அந்தப் பெண்களே நம்புவதற்கு அது வழிசெய்துவிடும். பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்து வந்தவரையும், உயிரியல் பிரிவிலிருந்து வந்து இப்போதுதான் விசைப்பலகையைத் தொடுபவரையும் ஒரே கணினியின் முன் அமர்த்தினால், முன்னவரின் பழக்கம் பார்ப்பவர் கண்ணுக்குத் திறமையாகத் தெரிகிறது. பின்னவர் தமக்கு இது வராது என்று முதல் மாதத்திலேயே முடிவுகட்டிவிடுகிறார்.

அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரியில் 2006ஆம் ஆண்டு கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களில் பெண்கள் ஏறத்தாழ 10 விழுக்காடுதான். அவ்வாண்டு கணினி அறிவியலாளர் மரியா கிளாவே கல்லூரித் தலைவரானார். துறைப் பேராசிரியர்கள் அறிமுகப் பாடத்தை ஜாவா என்ற நிரல்மொழியிலிருந்து எளிதான பைத்தானுக்கு மாற்றி, முன்பழக்கம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் தனித்தனிப் பிரிவுகளாக்கினார்கள். வகுப்பில் தம் அறிவைக் காட்டிக்கொண்டே இருக்கும் மாணவரைத் தனியே அழைத்து, அந்த உரையாடலை அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம் என்று பதமாகச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் அந்த விகிதம் 40 விழுக்காட்டை எட்டியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலும் 1995இல் 7 விழுக்காடாக இருந்த பெண்களின் சேர்க்கை 2000இல் 42 ஆனது. சேர்க்கையில் நிரலாக்க முன்பழக்கத்துக்கு அளித்துவந்த முக்கியத்துவத்தைக் குறைத்தது அதற்கு ஒரு காரணம்.

உங்கள் கல்லூரியில் ஆய்வகத்துக்கு வகுப்பைப் பதிவெண் வரிசையில் இரண்டு பேட்ச்சாகப் பிரிப்பீர்கள் அல்லவா? அதைப் பிளஸ் டூ பாடப்பிரிவின்படி பிரித்துப் பாருங்கள். பாலினத்தையோ பயிற்றுமொழியையோ அளவுகோலாக்காதீர்கள். உயிரியல் பிரிவிலிருந்து வந்த ஆண் மாணவர்களும் புதியவர்களின் பேட்ச்சுக்கு வருவார்கள். இரு பேட்ச்சுக்கும் பயிற்சிகளும் தேர்வும் ஒன்றே. புதியவர்களின் பேட்ச் மட்டும் கோப்பைச் சேமிப்பதிலிருந்து தொடங்கட்டும். பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஆங்கிலச் சொற்கள் 35தான் என்பதைத் தமிழ்வழி மாணவியரிடம் முதல் நாளே சொல்லுங்கள். அவர்களை உண்மையில் மிரட்டுவது திரையில் சிவப்பாக வரும் பிழைச் செய்தி. ஆகவே ஒரு முழு ஆய்வக வகுப்பைப் பிழைச் செய்திகளைத் தமிழில் விளக்குவதற்கே ஒதுக்கினாலும் தகும்.

இருவருக்கு ஒரு கணினிதான் என்றால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை விசைப்பலகை கைமாற வேண்டும். ரெக்கார்டை அவரவரே எழுத வேண்டும். கணக்குகளுக்கு வங்கி வட்டியையே எடுக்காமல், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக் கணக்கையும் ஒருமுறை கொடுக்கலாம். யார் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள் என்று மட்டும் வகுப்பில் கேட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. விடுதி மாணவர்கள் இரவிலும் பயிற்சி செய்கிறார்கள். பேரணாம்பட்டுப் பெண் மாலையில் கல்லூரிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும், வீட்டில் கணினியும் இருக்காது. மதிய இடைவேளையில் ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள். துறைத்தலைவர் தயங்கினால், நான்கு வாரம் மட்டும் அனுமதி கேளுங்கள். அந்த நாட்களில் விசைப்பலகை யார் கையில் இருந்தது என்று குறித்துவைத்து, முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு மதிப்பெண்ணோடு சேர்த்து அவர் மேசையில் வையுங்கள்.