ரீவிப் பக்கத்து ரோசா

கேள்வி: சித்திரை லீவில் நுவரெலியா போனபோது ஒரு சிவப்பு ரோசாக் கன்று வாங்கி வந்தேன். முற்றத்தில் வைத்தால் ஆடு விட்டுவைக்காது என்று ஹோலில் ரீவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாள் தவறாமல் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறேன். மூன்று மாதமாக ஒரு மொட்டும் இல்லை. இலைகள் மஞ்சளடித்து, ஓரம் கருகி, அடியில் நூலாம்படையும் பிடித்திருக்கிறது. உரம் போதவில்லையா?
– வாசகி, கல்லடி

பதில்: உரப்பையை இப்போதைக்குத் தொடாதீர்கள், தங்கச்சி. வாடிக் கிடக்கிற கன்றுக்கு உரம் போட்டால் வேர்தான் வேகும்.

முதலில் அந்த நூலாம்படை. ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து, இலையைச் சுண்டிப் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரி விழுந்தது நகர்ந்தால் அது சிலந்திப்பேன். கச்சான் காற்றுக் காலத்துச் சூடும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். வீட்டுக்குள் அதைக் கழுவிவிட மழையும் இல்லை. எட்டுக் கால் உள்ள இனம் என்பதால் சாதாரணப் பூச்சிமருந்துக்கு அசையாது. கன்றைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், சாடியைச் சரித்துப் பிடித்து, இலைகளின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடியுங்கள். ஒரு தடவையோடு விட்டால் முட்டைகள் பொரித்து மறுபடி வரும். மூன்று நாளைக்கு ஒருமுறை, இரண்டு மூன்று வாரத்துக்கு விடாமல் செய்யுங்கள்.

இலையோரக் கருகலுக்கு உங்கள் கிணற்றைத்தான் சந்தேகப்படுகிறேன். கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், லேசாக உவர்த்தாலே ரோசாவுக்கு ஆகாது. சாடி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் மண்ணிலும் உப்பு ஏறிவிட்டது. நானும் இப்படி மூன்று கன்றைக் கொன்ற பிறகுதான் மழைத் தண்ணீர் பிடித்துவைக்கப் பழகினேன். மழை வரும்வரை குழாய்த் தண்ணீர் போதும். முதல் நாள் சாடியின் அடியால் வழிந்தோடும்படி நாலைந்து தடவை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். அப்புறம் தினமும் வேண்டாம்; விரலை மண்ணில் விட்டு, முதல் கணு வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

மொட்டு வராததற்குக் காரணம் ரீவி மூலைதான். ரோசா பூக்க நாளுக்கு ஐந்தாறு மணிநேர வெயில் வேண்டும். ஹோல் வெளிச்சத்தில் இலை வரலாம், பூ வராது. கிழக்கு யன்னலோரம் வையுங்கள், காலை வெயில் கிடைக்கும். ஒரே நாளில் முழு வெயிலுக்குத் தள்ளாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். புதுத் தளிர் கண்ட பிறகு, காய்ந்த கொப்புகளை வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே வெட்டிவிட்டு, மக்கிய மாட்டெரு ஒரு கைப்பிடி போடுங்கள். அதிலிருந்து ஆறேழு வாரத்தில் மொட்டை எதிர்பார்க்கலாம்.

ஆனால் 6,000 அடிக்கு மேலே குளிரில் வளர்ந்த கன்று அது. நுவரெலியாவில் பார்த்த அளவு பூவை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அடுத்த தடவை இந்த வெயிலில் வளர்ந்த பன்னீர் ரோசாவை உள்ளூரில் வாங்குங்கள். விறாந்தைக் கூரையில் கம்பி கட்டித் தொங்கவிட்டால் ஆட்டுக்கும் எட்டாது.