காலநிலைப் போராட்டம் ஓய்ந்துவிட்டதா?

2019இல் காலநிலைக்காக அத்தனை பேர் வீதிக்கு வந்தார்களே, இப்போது எங்கே என்று கேட்கிறீர்கள். ஓய்ந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. 2018 ஆகஸ்டில் பள்ளி மாணவி கிரேட்டா துன்பெர்க் காலநிலை நடவடிக்கை கேட்டு சுவீடன் நாடாளுமன்றத்தின் முன் தனியாக உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் உலகெங்கும் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். பிறகு கொரோனா வந்து கூட்டத்தைக் கலைத்தது.

இந்த ஏற்ற இறக்கத்தை அரசறிவியலாளர் சிட்னி டாரோ போராட்டச் சுழற்சி என்கிறார். உச்சத்துக்குப் பிறகு பலர் களைத்துப்போவார்கள், சிலர் தீவிரமாவார்கள், இன்னும் சிலர் கோரிக்கையை நீதிமன்றத்துக்கும் அரசியலுக்கும் கொண்டுபோவார்கள்.

சரி, யாழ்ப்பாணத்தில் உள்ள நம் சுன்னாகத்தையே பாருங்கள். அங்கே அனல் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். அந்தத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் யார் வீட்டில் சும்மா இருப்பார்கள்? 2015இல் ஊரே கொதித்தது. நாளடைவில் கூட்டம் குறைந்தது, பத்திரிகைகளும் வேறு செய்திக்குப் போய்விட்டன. ஆனால் அதே 2015இல் போட்ட அடிப்படை உரிமை வழக்கு நடந்துகொண்டே இருந்தது. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வீதியில் கூட்டம் குறைந்த பிறகும் போராட்டம் நீதிமன்றத்தில் தொடர்ந்தது.